சிகிச்சையைத் தாங்கும் உடல்: ஜவ்வாது மலைக் குடும்பங்களுக்கான உணவும் பேணலும்

புற்றுநோய்க்கு ஆளானவர்களின் உணவையும் உடல் பேணலையும் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் நகரத்து வாசகரை மனத்தில் கொண்டே எழுதப்படுகின்றன. ஓட்ஸும் புரோக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் அவற்றில் தாராளமாக இடம்பெறுகின்றன. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளைவித்து, தேனும் புளியும் நெல்லியும் சேகரித்து, வேலையில்லாத மாதங்களில் வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்த் திரும்பும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு அத்தகைய நூல்களால் பயன் குறைவு. இந்த மலையில் கிடைக்கும் பொருள்களையும் இங்குள்ள தொலைவுகளையும் கணக்கில் கொண்டே இந்த அத்தியாயம் அமைகிறது.

முதலில் ஓர் எல்லையைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. நல்ல உணவோ நடையோ மூச்சுப்பயிற்சியோ உடலில் தோன்றிவிட்ட புற்றுக்கட்டியைக் கரைப்பதில்லை; அதைச் செய்ய வல்லவை அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை ஆகியவையே. எனினும் அந்தச் சிகிச்சைகளை ஓர் உடல் எந்த அளவுக்குத் தாங்குகிறது, குறித்த நாளில் அடுத்த சுற்றுக்குத் தகுதியோடு வந்து நிற்கிறதா, இடையில் கிருமித்தொற்றாலோ எடைக்குறைவாலோ சிகிச்சை நின்றுபோகிறதா என்பவற்றில் உணவுக்கும் பேணலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஆரோக்கிய வாழ்வு என்று இங்கே சொல்லப்படுவது சிகிச்சைக்கு மாற்று அன்று. தொடங்கிய சிகிச்சையை முடிக்கவைக்கும் துணையே அது. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ வளைவுப் பாதையில் ஏறிவரும் பேருந்தை நம்பியிருக்கும் ஒரு மலையில், ஒரு சுற்று தவறினால் அடுத்த சுற்றுக்குப் போவதும் தள்ளிப்போகும் என்பதால், இந்தத் துணை சமவெளியைவிட இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சிகிச்சை உடலை வருத்துவதற்கான காரணம்

புற்று அணுக்கள் கட்டுப்பாடின்றி வேகமாகப் பெருகுபவை. கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடித் தாக்குகிறது; ஆனால் வாயின் உள்தோல், குடலின் உள்படலம், முடிவேர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் வேகமாகப் பெருகுபவையே என்பதால் அவையும் அடிபடுகின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் குறைவு ஆகிய நான்கும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. நோய் முற்றிவிட்டதன் அடையாளங்கள் அல்ல. முடி உதிர்வதைக் கண்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவெடுத்து ஊர் திரும்பிவிடும் குடும்பங்களுக்கு, மருந்து முடிந்தபின் முடி மீண்டும் முளைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய உதவி.

கதிர்வீச்சு சிகிச்சை குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும் தாக்குவதால் அதன் துன்பமும் பெரும்பாலும் அந்த இடத்தைச் சார்ந்தே இருக்கும். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு தரப்பட்டால் விழுங்குவதே கடினமாகும், எச்சில் வற்றும், பற்கள் விரைவில் சொத்தையாகும். ஆகையால் அத்தகைய சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிடுவது வழக்கம். கதிர்வீச்சு பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் தொடர்ந்து தரப்படுவதால் மலையிலிருந்து அன்றாடம் போய்வருவது இயலாது. வேலூரிலோ காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ தங்கியாக வேண்டும். ஆடிப் பட்டத்து விதைப்போ அறுவடையோ அந்த வாரங்களில் குறுக்கிட்டால், நிலத்தை யார் பார்ப்பது, ஆடுமாடுகளை யாரிடம் விடுவது என்பதைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே குடும்பம் பேசி முடிவுசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் போனவர்கள் மூன்றாம் வாரத்தில் மலையேறிவிடுவதற்கு நோயைவிட நிலமே காரணமாகிறது.

எடையே முதல் அளவுகோல்

சிகிச்சைக் காலத்தில் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள கண்காணிப்பு வாரம் ஒருமுறை எடை பார்ப்பதாகும்; அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ இருக்கும் எடைக்கருவி இதற்குப் போதும். உடல் எடை தொடர்ந்து குறைகிறது என்றால் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் கரைகிறது என்று பொருள். தசை கரைந்த உடலில் மருந்தின் பக்கவிளைவுகள் கடுமையாகின்றன, புண்கள் ஆறத் தாமதமாகின்றன, மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ சுற்றைத் தள்ளிவைக்கவோ நேர்கிறது.

இந்த இடத்தில்தான் பத்தியம் என்னும் பழக்கம் பெருந்தீங்கு செய்கிறது. நோயாளிக்கு முட்டை கூடாது, இறைச்சி கூடாது, பால் கூடாது, உப்பைக் குறை, கத்தரிக்காயை நீக்கு என்று உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் ரசமும் சோறுமாக ஓர் இலையை முன்வைப்பது தமிழகம் முழுவதும் காணப்படும் காட்சி. அக்கறையில் பிறக்கும் இந்த விலக்குகளுக்குப் புற்றுநோயைப் பொறுத்தவரை எந்த அடிப்படையும் இல்லை. சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும் என்று பரவியிருக்கும் கருத்தும் இத்தகையதே: உடலின் எல்லா அணுக்களும் சர்க்கரையைப் பயன்படுத்துபவை; நோயாளி பட்டினி கிடந்தால் முதலில் மெலிவது அவர் தசையே ஒழியக் கட்டி அன்று. நீரிழிவு உள்ளவர் மட்டும் மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும்.

சிகிச்சை பெறும் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி ஆற்றலும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 1,250 முதல் 1,500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். இந்த அளவை மலைப் பொருள்களாலேயே எட்ட முடியும். 200 கிராம் சாமை அரிசியில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும், 50 கிராம் கொள்ளில் 11 கிராமும், 2 முட்டைகளில் 12 கிராமும், 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராமும், கால் லிட்டர் பாலில் 8 கிராமும் கிடைக்கின்றன. கூட்டினால் 63 கிராம். சமையலில் இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் கலோரிக் கணக்கும் நிரம்பிவிடும். பால் கிடைக்காத ஊரில் இன்னொரு முட்டையோ அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றில் ஒன்றோ அதன் இடத்தை நிரப்பும். கடையில் டின்னில் விற்கும் புரதமாவு மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் தவிரத் தேவையில்லை. அதன் விலைக்கு ஒரு குடும்பம் பல வாரங்களுக்கு முட்டை வாங்கலாம்.

சாமையின் பெருமையைப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் உடன் சொல்லத்தக்கது. சிறுதானியங்களின் நார்ச்சத்து நலமான உடலுக்கு நல்லது. ஆனால் வாய் புண்ணாகியும் குடல் புண்ணாகியும் இருக்கும் நாள்களில் தவிடு நீக்காத தானியம் வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். வயிறு விரைவில் நிரம்பிவிடுவதால் வேண்டிய அளவு உண்ணவும் விடாது. அத்தகைய நாள்களில் நன்கு தீட்டிய சாமையையோ அரிசியையோ குழையக் காய்ச்சிய கஞ்சியும், சலித்த கேழ்வரகு மாவில் பாலோ வெல்லமோ சேர்த்த கஞ்சியும் ஏற்றவை. புளித்த கூழும், புளியும் மிளகாயும் தூக்கலான குழம்பும் வாய்ப்புண்ணில் எரிச்சல் ஊட்டும் என்பதால் புண் ஆறும்வரை ஒதுக்கிவைக்கலாம். கஞ்சியில் ஒரு முட்டையை அடித்துக் கலந்து கொதிக்கவிடுவதும், வறுத்த வேர்க்கடலையை மையப் பொடித்துச் சேர்ப்பதும், விழுங்க முடியாதவருக்கும் புரதத்தைச் சேர்க்கும் வழிகள். மூன்று வேளைச் சாப்பாடு என்ற முறையை விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுப்பதே பசியற்றவர்களிடம் பலிக்கிறது. குமட்டலுக்கு மருத்துவர் தந்த மாத்திரையைக் குமட்டல் வந்தபின் தேடாமல் சொன்ன வேளையில் முன்கூட்டியே விழுங்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுப்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வீட்டுமுறை. பொட்டலமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு அதைவிடச் சிறந்தது. வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, ஆறியபின் நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம்.

ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையையும் சோளத்தையும் நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டில் எவருக்கும் தரக்கூடாது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரல் புற்றுக்குக் காரணமானது; வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது.

காய்ச்சலும் தண்ணீரும்

கீமோதெரபி ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகத் தாழ்ந்து நிற்கும். அப்போது வரும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாகக் கருதுவது உயிருக்கே ஆபத்தாக முடியும். வெப்பமானியில் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர இரத்தத்தில் பரவும் கிருமியைத் தடுக்காது. ஆகவே சிகிச்சை நடக்கும் வீட்டில் ஒரு வெப்பமானியும், வண்டி வரக்கூடிய சாலைவரை நோயாளியைக் கொண்டுசேர்க்க முன்கூட்டியே பேசிவைத்த ஓர் இருசக்கர வாகனமும் இருப்பது அவசியம். செல்பேசிச் சமிக்ஞை எட்டாத குக்கிராமத்தவர், மருந்து ஏற்றிய பின் வரும் இரண்டு வாரங்களை மலையிலேயே பெரிய ஊரான ஜமுனாமரத்தூர் போன்ற இடத்தில் உறவினர் வீட்டில் கழிப்பது இயன்றால் நல்லது.

ஊற்று நீரானாலும் கிணற்று நீரானாலும் குழாய் நீரானாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மலைத்தேன் இங்கே மருந்தாகவே மதிக்கப்படுகிறது. இருப்பினும் காய்ச்சாத தேனில் கிருமிகளின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் வெள்ளணு குறைந்த காலத்தில் அதைத் தவிர்க்குமாறு பல மருத்துவமனைகள் அறிவுறுத்துகின்றன. சிகிச்சை முடிந்து அணுக்கள் தேறியபின் தடையில்லை. காய்ச்சாத பாலுக்கும், அரைவேக்காட்டு முட்டைக்கும், கழுவாமல் உண்ணும் பழத்துக்கும் இதே விதி. கொய்யா, சீதா, பலா போன்றவற்றைக் கழுவித் தோல் நீக்கி உண்ணலாம்.

நடையும் வேலையும்

புற்றுநோய்ச் சோர்வு உறங்கினால் தீராத சோர்வு. படுத்தே கிடந்தால் அது கூடுமே தவிரக் குறையாது என்பது பல ஆய்வுகளால் நிலைபெற்ற உண்மை. நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி, இயன்ற அளவு கூட்டி, 30 நிமிட நடையை வாரத்துக்கு மூன்று நாளாவது எட்டுவது சோர்வையும் மனக்கலக்கத்தையும் குறைக்கிறது. மலைக்காரருக்கு நடை புதிதன்று. அவருக்குச் சொல்ல வேண்டியது மேட்டை விட்டுச் சமதளத்தில் நடக்கவும், மூச்சு வாங்கினால் நிற்கவும், இரத்தத் தட்டணு குறைந்துள்ளது என்று மருத்துவர் சொன்ன நாளில் ஓய்வெடுக்கவும்தான். புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் சுமை தூக்குவது எலும்பை முறிக்கக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

மார்பகப் புற்றுக்காக அக்குளின் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட பெண்களுக்குத் தனிக் கவனம் தேவை. நிணநீர் முடிச்சு என்பது திசுக்களிலிருந்து வழியும் நீரை வடிகட்டி இரத்தத்துக்குத் திருப்பும் சிறு உறுப்பு. அது அகற்றப்பட்ட பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்க வாய்ப்புண்டு, சிறு கீறலும் அங்கே பெருந்தொற்றாக மாறலாம். விறகு வெட்டவும் புளி உலுக்கவும் களை எடுக்கவும் போகும் பெண்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிவதும், முள் குத்தினால் உடனே சோப்பிட்டுக் கழுவுவதும், அந்தக் கையில் ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் விடாமல் மறுகையைக் காட்டுவதும் நல்ல பழக்கங்கள். அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்ற பழைய அறிவுரை இன்று மாறிவிட்டது. எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மிகுவிப்பதில்லை என்று தெரிய வந்துள்ளது. ஆனால் திடீரென ஒரு தலைச்சுமை விறகு பயிற்சி ஆகாது.

மூலிகை குறித்து

தலைமுறைகளாக மூலிகை அறிந்த ஒரு சமூகத்திடம் மூலிகையால் பயனில்லை என்று சொல்வது பொய்யாகவும் இருக்கும், அவமதிப்பாகவும் இருக்கும். வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தே வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரு புற்றுநோய் மருந்துகள் 1950களின் ஆராய்ச்சியால் கிடைத்தன; குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிறிஸ்டின் இன்றும் தரப்படுகிறது. ஆயினும் ஆலையில் பிரித்தெடுத்து மில்லிகிராம் கணக்கில் நரம்பில் செலுத்தப்படும் அந்தப் பொருளுக்கும், செடியை அரைத்துக் குடிக்கும் சாற்றுக்கும் வேறுபாடு பெரிது. சாற்றில் மருந்தின் அளவு தெரியாது. நச்சு மட்டும் உறுதி. முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றைக் கொல்லும் என்ற விளம்பரத்துக்கு மனிதரிடம் நிறுவப்பட்ட சான்று கிடையாது. அம்மரத்தின் இலையிலும் பழத்திலும் உள்ள அனோனசின் என்னும் பொருள் நரம்பணுக்களைக் கெடுக்கவல்லது. மேலும் பல மூலிகைகளும் கீமோதெரபி மருந்துகளும் ஒரே கல்லீரலில்தான் செரிக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களின் இறப்பு வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று கண்டது. எனினும் மூலிகை வைத்தியரிடம் போகக்கூடாது என்பது இந்நூலின் அறிவுரை அன்று. அவர் தரும் எதையும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்காகச் சிகிச்சையை ஒரு சுற்றுகூட நிறுத்தக்கூடாது என்பதே அறிவுரை. மருத்துவர்களும் அதைக் கேட்டவுடன் கடிந்துகொள்ளாமல் இருந்தால் நோயாளிகள் மறைக்க மாட்டார்கள்.

புகையிலை, பாக்கு, சாராயம்

பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மதுவும் அதே பட்டியலில் உள்ளது. நோய் வந்தபின் விட்டு என்ன பயன் என்று கேட்பவருக்கு மறுமொழி உண்டு: புகைப்பவரிடம் கதிர்வீச்சின் பலன் குறைகிறது, அறுவைப் புண் ஆறத் தாமதமாகிறது, இரண்டாவது ஒரு புற்று தோன்றும் வாய்ப்பு கூடுகிறது.

வலியும் துணையும்

புற்றுநோய் தொட்டாலோ ஒரே தட்டில் உண்டாலோ ஒட்டுவதன்று. தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து ஒதுக்கப்படும் நோயாளி உண்பதைக் குறைத்துக்கொள்கிறார் என்பதால், குடும்பத்தோடு அமர்த்தி உண்ணவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே பெண்ணாக இருப்பதும், அவரும் மெலிந்து போவதும் பொதுவாகக் கவனிக்கப்படாமல் போகும் செய்தி. வாரத்தில் இரண்டு நாளாவது வேறொருவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் அன்று. முறையாகத் தரப்படும் மார்ஃபின் மாத்திரை புற்றுநோய் வலிக்குரிய நிறுவப்பட்ட மருந்து; மருத்துவர் சொன்ன அளவில் வேளை தவறாமல் எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் உடன் தரும் மலமிளக்கியையும் விடாமல் எடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வரும் சேவைகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன; கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்வது குடும்பத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. அடையாள அட்டை இல்லாதவர் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையமும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இம்மலையிலிருந்து போகக்கூடிய முதன்மையான இடங்கள். எங்கே போனாலும் பழைய அறிக்கைகள், ஸ்கேன் படங்கள், திசுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே பையில், மழையில் நனையாத உறையில் கொண்டுசெல்வது மறு பரிசோதனைச் செலவை மிச்சப்படுத்தும்.

நோயாளியைப் பேணும் வீட்டில் 30 வயது கடந்த பெண்கள் இருந்தால், அவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை சில நிமிடங்களில் முடியும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்த ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-ல் வெளியான முடிவுகள் காட்டின. சமவெளி ஊர்களில் செவிலியர்கள் சாதித்த இதை மலையில் செய்யவும் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஏற்கெனவே சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திட்டுவார்களே என்ற கூச்சத்தில் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். நின்ற இடத்திலிருந்து என்ன செய்யலாம் என்பதை மருத்துவர் மறுபடி திட்டமிட முடியும், தாமதம் கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும். பழைய அறிக்கைப் பையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிராம சுகாதார செவிலியரையோ ஜமுனாமரத்தூர் அரசு மருத்துவர்களையோ போய்ப் பாருங்கள்.